2147483647: ஒரு பெரிய பகா எண்ணைக் கையால் சோதித்துப் பார்ப்பது எப்படி?

பகா எண் என்றால் என்ன என்று பள்ளியிலேயே படித்திருப்போம். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண். இலங்கையில் படித்தவர்கள் முதன்மை எண் என்பார்கள். 17, 23, 97 என்று அடுக்கச் சொன்னால் யாரும் அடுக்கிவிடுவார்கள். ஆனால் பத்து இலக்க எண் ஒன்றைக் காட்டி, இது பகா எண்ணா என்று கேட்டால் உடனே கணினியைத் திறப்போம். கணினி "ஆம்" என்று சொல்லும். ஏன் ஆம் என்று சொல்லாது.

அந்த "ஏன்" உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே வந்து விழ வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு அடுக்கு விதிகள் தெரிந்தால் போதும். ஒரு நோட்டு, பேனா, பத்து இலக்கம் காட்டும் சாதாரணக் கால்குலேட்டர், இரண்டு மூன்று மாலை நேரம், இவ்வளவுதான் தேவை. எடுத்துக்கொள்ளும் எண் 2147483647.

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் இந்த எண்ணை 3, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கத் தொடங்கினேன். முந்நூறைத் தாண்டியதும் கை வலித்து மூடி வைத்துவிட்டேன். வகுக்கத் தொடங்கும் முன் "இதை வகுக்கக்கூடிய எண் எப்படிப்பட்டதாக இருக்க முடியும்?" என்று கேட்க வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வி ஆயிரக்கணக்கான வகுத்தல்களை 84 ஆகக் குறைத்துவிடும்.

முதல் படி: எண்ணோடு பழகுங்கள்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஒன்றைக் கூட்டினால் 2147483648. இது 2³¹. நம்பிக்கை இல்லையென்றால் 1-இல் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள்: பத்தாவது முறை 1024, பதினாறாவது முறை 65536, முப்பத்தொன்றாவது முறை 2147483648. இந்த 65536 என்ற எண்ணை மறக்காதீர்கள். கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

ஆக நம் எண் 2³¹ − 1. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக முப்பத்தொரு 1-கள், நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. கணினியில் 32 பிட் இடத்தில் ஒரு பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் மீதி முப்பத்தொன்று. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணினிகளின் கணக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண்ணைத் தொட்டு நின்றுவிடும். நிரல் எழுதுபவர்கள் பலருக்கு இந்த எண் அப்படித்தான் பழக்கம். அது பகா எண்ணாகவும் இருப்பது கணினிக்காக யாரும் ஏற்பாடு செய்ததல்ல, எண்களுக்குள்ளேயே இருக்கும் செய்தி.

2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த துறவி மரேன் மெர்சென் 1644-இல் இவற்றில் எவையெல்லாம் பகா எண் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்றார். 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விடுபட்டுப் போயின. 31 சரி.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். 2⁶ − 1 = 63. இதை 4³ − 1 என்று பார்த்தால் 3-ஆல் வகுபடும், 8² − 1 என்று பார்த்தால் 7-ஆல் வகுபடும். எந்தப் பகு அடுக்குக்கும் இதே கதைதான். சரி, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகா எண்ணாகிவிடுமா? ஆகாது. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 11 பகா எண், 2047 பகு எண். அதனால் 31 பகா எண் என்பது நமக்கு நுழைவுச்சீட்டு மட்டுமே.

இரண்டாம் படி: மீதியைக் கொண்டே கணக்குப் போடுங்கள்

இன்று செவ்வாய் என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, அதனால் வியாழன். நூறு நாளையும் யாரும் எண்ணுவதில்லை. மட்டு எண்கணிதம் என்று பாடநூலில் வருவது இவ்வளவுதான். ஒரு எண்ணின் மீதியே போதும் என்றால், பெருக்குவதற்கு முன்பே எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன வசதி: மீதி பெரிதாக இருந்தால் வகு எண்ணைக் கழித்துக் குறை எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். 311-ஆல் வகுக்கும்போது 226 மீதி என்பதும் −85 மீதி என்பதும் ஒன்றுதான். 85-ஐ வர்க்கப்படுத்துவது எளிது.

மூன்றாம் படி: யார் வகுக்க முடியும்?

இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மெதுவாகப் படியுங்கள்.

2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கும் ஒரு பகா எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் "க" என்போம். அப்படியானால் 2³¹-ஐக் க-வால் வகுத்தால் மீதி 1. இப்போது 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் க-வால் வகுத்த மீதியை எழுதுங்கள். முப்பத்தொன்றாவது அடியில் மீண்டும் 1-க்கு வந்துவிடுவோம். அதற்கு முன்பே ஒரு முறை வந்திருக்கக் கூடாதா? முன்பே வந்திருந்தால் அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண். எனவே சுற்றின் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-உம் 1-உம் ஒரே மீதி தர வேண்டும், அது நடக்காது. ஆகவே சுற்று சரியாக 31 அடி.

ஃபெர்மாவின் சிறிய தேற்றம் தெரிந்திருக்கும்: க பகா எண் என்றால், 2-ஐக் க−1 முறை பெருக்கிக் க-வால் வகுத்தால் மீதி 1 (க என்பது 2-ஆக இல்லாதவரை). சுற்று 31 அடி என்பதால் க−1 என்பது 31-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். க ஒற்றைப்படை எண், ஆகவே க−1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால், க−1 என்பது 62-இன் மடங்கு. காரணி எதுவாக இருந்தாலும் 63, 125, 187, 249 என்று 62 இடைவெளி விட்டுத்தான் நிற்க முடியும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது க-வின் உலகத்தில் 2 ஒரு முழு வர்க்கம். இது எல்லாப் பகா எண்களுக்கும் வாய்ப்பதில்லை. 7-ஐ எடுங்கள்: 3² = 9, மீதி 2. 17-ஐ எடுங்கள்: 6² = 36, மீதி 2. 23-க்கு 5² = 25, மீதி 2. ஆனால் 11-க்கோ 13-க்கோ எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் மீதி 2 வராது, முயன்று பாருங்கள். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தரும் ஒற்றைப்படைப் பகா எண்களுக்குத்தான் 2 வர்க்கமாக அமையும். இதன் நிரூபணம் கொஞ்சம் நீளம், வர்க்க மீதிகள் என்ற பாடத்தில் வரும். இப்போதைக்கு விதியை எடுத்துக்கொண்டு போவோம்.

இரண்டு விதியையும் சேர்த்தால் காரணி 248-ஆல் வகுபடும்போது மீதி 1 தர வேண்டும், அல்லது மீதி 63 தர வேண்டும். வேறு வழியே இல்லை.

நான்காம் படி: விதியை முதலில் சின்ன எண்ணில் சோதியுங்கள்

புதிய விதி கையில் கிடைத்தால், விடை தெரிந்த இடத்தில் அதைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். 2047-க்கு அடுக்கு 11, எனவே காரணிகள் 22-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்தவையாக இருக்க வேண்டும்: 23 = 22 + 1, 89 = 4 × 22 + 1. சரி. 2²⁹ − 1-இன் காரணிகள் 233, 1103, 2089. இடைவெளி 58. 233 = 4 × 58 + 1, 1103 = 19 × 58 + 1, 2089 = 36 × 58 + 1. மூன்றும் 8-ஆல் வகுபடும்போது முறையே 1, 7, 1 மீதி தருகின்றன. முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. காரணிகள் எங்கோ சிதறிக் கிடப்பதில்லை, ஒழுங்காகக் கோடு கிழித்த இடத்தில் நிற்கின்றன.

ஒரு காரணி பிடிபடும்போது கணக்கு எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். 2²³ − 1-ஐ எடுப்போம். இடைவெளி 46, முதல் வேட்பாளர் 47. 47-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7, பொருந்துகிறது. 2²⁴ என்பது 4096-இன் வர்க்கம். 4096-ஐ 47-ஆல் வகுத்தால் மீதி 7 (47 × 87 = 4089). 7² = 49. 49-க்கு மீதி 2. வந்துவிட்டது! அதாவது 2²³-க்கு மீதி 1, ஆகவே 47 வகுக்கிறது. உண்மையிலேயே 8388607 = 47 × 178481.

சோதனை இதுதான்: பாதி அடுக்கின் மீதியை எடு, வர்க்கப்படுத்து, மீதி 2 வருகிறதா பார். நம் எண்ணுக்குப் பாதி அடுக்கு 65536.

ஐந்தாம் படி: பட்டியல் போடுங்கள்

ஒரு எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு காரணி கட்டாயம் இருக்கும். 46340-இன் வர்க்கம் 2147395600, நம் எண்ணைவிடக் குறைவு. 46341-இன் வர்க்கம் 2147488281, அதிகம். எனவே 46340 வரை பார்த்தால் போதும்.

அதுவரை மொத்தம் 4792 பகா எண்கள் இருக்கின்றன. விதி தெரியாதவர் அத்தனையையும் வகுக்க வேண்டும். நான் முந்நூறில் நிறுத்தியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். இத்தாலியக் கணித அறிஞர் பியத்ரோ கத்தால்தி 1588-இல் 131071, 524287 என்ற இரண்டு மெர்சென் எண்களைப் பகா எண் என்று நிறுவியது இப்படி ஒவ்வொன்றாக வகுத்துத்தான். 524287-க்கு 724 வரை போனால் போதும் என்பதால் அவரால் முடிந்தது.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் 249, 497, 745, 993, 1241, 1489 என்று 248 கூட்டிக்கொண்டே 46129 வரை. வலப்பக்கம் 311, 559, 807, 1055, 1303, 1551 என்று 46191 வரை. (63-ஐ விட்டுவிடலாம், அது 7 × 9.) பக்கத்துக்கு 186 எண்கள், மொத்தம் 372.

இனி பகு எண்களை அடித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஒரே இடைவெளியில் போகும் பட்டியலில் 3-இன் மடங்கு மூன்று வரிக்கு ஒரு முறை வரும்: இடப்பக்கம் 249, பிறகு 993. ஐந்தின் மடங்கு ஐந்து வரிக்கு ஒரு முறை, ஏழின் மடங்கு ஏழு வரிக்கு ஒரு முறை. முதல் மடங்கைக் கண்டுபிடித்தால் போதும், அப்புறம் விரல் வைத்து எண்ணி அடித்துக்கொண்டே போகலாம். எனக்கு இந்த வேலை வீட்டில் அரிசி புடைப்பதை நினைவுபடுத்தும். ஒவ்வொரு தட்டலுக்கும் உமி பறந்து கடைசியில் நிற்பது 84 பகா எண்கள்.

1772-இல் கணித அறிஞர் லெயோனார்டு ஆய்லர் இதே வழியில்தான் போனார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்கு அப்போது ஏறத்தாழப் பார்வை போய்விட்டிருந்தது. காரணி 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும், அப்படிப்பட்ட பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை, ஆகவே 2147483647 பகா எண் என்று பெர்னூலி என்ற இன்னொரு கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள், மனிதர் அறிந்த பகா எண்களில் மிகப் பெரியது இதுவாகவே இருந்தது.

ஆறாம் படி: எண்பத்து நான்கையும் சோதியுங்கள்

சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் முதல் மூன்று 311, 1303, 1489. மூன்றையும் இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

311: 65536-ஐ வகுத்தால் மீதி 226, அதாவது −85. 85² = 7225. 311 × 23 = 7153. மீதி 72. 2 இல்லை. 311 வகுக்காது.

1303: 65536-க்கு மீதி 386. 386² = 148996. 1303 × 114 = 148542. மீதி 454. வகுக்காது.

1489: 65536-க்கு மீதி வெறும் 20. வர்க்கம் 400. முடிந்தது, வகுக்காது.

மற்ற 81-ஐயும் இப்படியே செய்ய வேண்டும். கடைசிப் பக்கங்களில் வர்க்கம் ஒன்பது இலக்கம் வரை போகும், ஆனாலும் சாதாரணக் கால்குலேட்டரில் அடங்கிவிடும். பழகிவிட்டால் ஒன்றுக்கு ஒரு நிமிடம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலையில் பிழை சத்தம் போடாது. எங்கோ ஒரு மீதியைத் தவறாக எழுதிவிட்டால் அப்போதும் 2 அல்லாத ஏதோ ஒரு எண்தான் வரும், நீங்களும் "வகுக்காது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவீர்கள். நான் இரண்டாம் முறை சரிபார்த்தபோது முதல் முறை போட்டதில் மூன்று பிழைகள் கிடைத்தன. விடை மாறவில்லை என்றாலும், அந்த மூன்றும் இருந்தவரை என்னிடம் நிரூபணம் இல்லை. அதனால் வேறு பாதையில் இன்னொரு முறை போங்கள். 311-க்கு: 2¹⁰ = 1024, மீதி 91. 91² = 8281, மீதி 195, இது 2²⁰. 195 × 91 = 17745, மீதி 18, இது 2³⁰. இரட்டித்தால் 36, இது 2³¹. முன்பு 2³²-க்கு 72 வந்தது, அதில் பாதி 36. இரண்டு பாதையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இப்படிச் சந்தித்தால்தான் அந்த வரியில் சரி என்று குறியிடுங்கள்.

ஏழாம் படி: வகுக்காமலே நிரூபிக்கும் வழி

காரணி தேடாமலே ஒரு மெர்சென் எண் பகா எண்ணா என்று தீர்ப்புச் சொல்லும் முறை ஒன்று உண்டு. எதுவார் லூகா 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியதை டி. எச். லேமர் 1930-இல் செம்மைப்படுத்தினார். லூகா 1876-இல் 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று காட்டியது இந்த வகை முறையில்தான், அதுவும் கையால்.

விதி சின்னது. 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி. மெர்சென் எண்ணால் வகுத்த மீதியை எடு. மறுபடி அதையே செய். அடுக்கில் இரண்டு குறைவான தடவை செய்தபின் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

127-இல் செய்து பார்ப்போம். அடுக்கு 7, எனவே ஐந்து தடவை. 4² − 2 = 14. 14² − 2 = 194, மீதி 67. 67² − 2 = 4487, மீதி 42. 42² − 2 = 1762, மீதி 111. 111² − 2 = 12319, இது சரியாக 127 × 97. பூஜ்யம். 127 பகா எண்.

2047-இல் ஒன்பது தடவை செய்யுங்கள். 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று வரும். கடைசியில் பூஜ்யம் இல்லை. 23-ஐயும் 89-ஐயும் நாம் தொடவே இல்லை, ஆனாலும் பகு எண் என்று தெரிந்துவிட்டது.

மெர்சென் எண்ணால் வகுப்பதில் ஒரு சுகம் உண்டு: வகுக்கவே வேண்டாம். 194-ஐ 128-ஆல் பிரித்தால் ஈவு 1, மீதி 66. இரண்டையும் கூட்டினால் 67. அதுவே 127-க்கான மீதி. இரும எண்ணில் இது வாலை வெட்டித் தலையோடு கூட்டுவதுதான். கணினிக்கு இந்த முறை இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமும் இதுவே.

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். 29 தடவை செய்ய வேண்டும். தொடக்கம் 4, 14, 194, 37634, 1416317954. அதன்பின் 669670838, 1937259419 என்று அர்த்தமில்லாதது போலத் தாவிக்கொண்டே போகும். கால்குலேட்டரில் இலக்கம் போதாது, கணினியில் பைத்தான் மொழியில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள், அல்லது பொறுமை இருந்தால் தாளில் போடுங்கள். இருபத்தேழாம் தடவை 1181536708. இருபத்தெட்டாம் தடவை?

65536.

அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை: 65536-இன் வர்க்கத்தில் 2 போனால் 2³² − 2, அதாவது நம் எண்ணைப் போல் இரண்டு மடங்கு. மீதி பூஜ்யம். யோசித்துப் பார்த்தால் கடைசிக்கு முந்தைய எண் 65536-ஆகவோ −65536-ஆகவோ இருந்தே ஆக வேண்டும். பூஜ்யம் வர அதன் வர்க்கம் 2 மீதி தர வேண்டும், இந்த உலகத்தில் 2-இன் வர்க்கமூலங்கள் அவை இரண்டு மட்டுமே. 127-இலும் பாருங்கள், கடைசிக்கு முன் வந்த 111 என்பது −16, அதன் வர்க்கம் 256, மீதி 2. காரணி தேடும்போது கையில் பிடித்த அதே கயிறு இங்கேயும் வந்து நிற்கிறது.

எட்டாம் படி: இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

ஃபெர்மாவின் தேற்றத்தைத் திருப்பிப் போட்டு, 2-ஐ அடிமானமாக வைத்துச் சோதிப்பது பலர் செய்யும் வேலை. மெர்சென் எண்களுக்கு அது பயன்படாது. அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எல்லா மெர்சென் எண்ணும், பகு எண்ணாகவே இருந்தாலும், அந்தச் சோதனையில் தேறிவிடும். 2047-ஐ எடுங்கள். 2¹¹-க்கு மீதி 1. 2046 என்பது 11-இன் மடங்கு. எனவே 2²⁰⁴⁶-க்கும் மீதி 1. 23 × 89 நம் முன்னால் நின்றுகொண்டே பகா எண் என்று சொல்லிவிடும். கடைசி இலக்கம் 7 என்பதோ, இலக்கங்களின் கூட்டல் 46 என்பதோ 2, 3, 5-ஐ விலக்க மட்டுமே உதவும்.

ஒன்பதாம் படி: பகா எண் என்று தெரிந்தபின் அதை வைத்து என்ன செய்யலாம்?

முதலில் நிறைவெண். தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருக்கும் எண்: 6 = 1 + 2 + 3. 28-உம் 496-உம் அப்படியே. 6 = 2 × 3, 28 = 4 × 7, 496 = 16 × 31 என்று எழுதினால் ஒவ்வொன்றிலும் ஒரு மெர்சென் பகா எண் ஒளிந்திருப்பது தெரியும். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. எட்டாவது நிறைவெண் இது. ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ 1811-இல், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயன் இல்லாத ஆவல் மட்டும் என்பதால் யாரும் முயலப் போவதில்லை என்று எழுதினார். 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 2⁶¹ − 1-ஐப் பகா எண் என்று காட்டி அடுத்ததைக் கொண்டுவந்துவிட்டார். ஆவல் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் பிடிபட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள்.

அடுத்து, ஒன்று குறைந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. நடுவில் 31 இருக்கிறதா? மூன்றாம் படியில் சொன்னது அதுதான்: 2-இன் சுற்று 31 அடியில் முடிகிறது. இருநூறு கோடி எண்கள் இருக்கும் உலகத்தில் 2 வெறும் 31-ஐத்தான் தொடுகிறது. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரும் எண் எது? 3 தொடாது, 5-உம் தொடாது, 7 தொடும். சோதிக்க ஏழே ஏழு கணக்குதான்: மேலே வந்த ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றாலும் 2147483646-ஐ வகுத்து, வரும் ஈவை 7-க்கு அடுக்காக ஏற்றி, மீதி எடுங்கள். எதிலும் 1 வரவில்லை என்றால் 7-இன் சுற்று முழுச் சுற்று.

இந்தக் குணத்தை வைத்துத்தான் கணினியில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கினார்கள். 7⁵ = 16807. 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்கி நம் எண்ணால் மீதி எடுங்கள்: 16807, 282475249, 1622650073, 984943658... குலுக்கிப் போட்டது போலத் தோன்றும். ஆனால் 2147483646 எண்களையும் ஒன்றுகூட விடாமல் தொட்ட பிறகுதான் மீண்டும் 1-க்கு வரும். 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் இதைக் குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். நீங்கள் எழுதிய நிரல் சரியா என்று பார்க்க அவர்கள் கொடுத்த அடையாளம்: பத்தாயிரமாவது எண் 1043618065. ரகசியம் காக்கும் வேலைக்கு இதை வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு எண் தெரிந்தால் அடுத்ததை யாரும் சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு பயிற்சி. நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? 2-ஐ 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்த எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள், எழுதி முடிக்க ஆயுள் போதாது. அது பகா எண்ணா? அடுக்கு பகா எண் என்பதால் மூன்றாம் படியின் விதி அப்படியே பொருந்தும்: காரணிகள் 2 × 2147483647 இடைவெளியில்தான் நிற்க வேண்டும். 4294967294-ஐ 68745-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 295257526626031 வரும். 8-ஆல் வகுத்தால் மீதி 7. இனி 2-ஐ 2147483647 அடுக்குக்கு ஏற்றி இந்த எண்ணால் மீதி எடுக்க வேண்டும். ஒரே அடியாக ஏற வேண்டாம்: நம் எண்ணின் இரும வடிவில் எல்லாமே 1 என்பதால், "வர்க்கப்படுத்து, இரட்டிப்பாக்கு" என்ற இரட்டை அடியை 2-இல் தொடங்கி முப்பது முறை செய்தால் போதும். கடைசியில் கையில் நிற்கும் மீதி 1.